ஒரு முறைதான் தொடங்க வேண்டும்

மர ஸ்டாண்டில் வரிசையாக நின்ற கண்ணாடிக் குழாய்கள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஒரு செல்லுக்குள் டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அறிய அப்போது எங்களிடம் இருந்த வழி அதுதான். செல்களை அமிலத்தில் உடைத்து, ஒரு மருந்தைக் கலந்து, கொதிநீரில் சற்று நேரம் நிறுத்தினால், உள்ளே இருப்பதற்குத் தக்கபடி நீலம் ஏறும். குறைவாக இருந்தால் சொட்டு நீலத்தில் அலசிய வேட்டியின் வெளிர்நீலம். கூடுதலாக இருந்தால் ஊதாவைத் தொடும் நீலம். அன்று கடைசிக் குழாய் மட்டும் மற்றவற்றோடு சேராமல் கறுத்து நின்றது. அக்கா அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பி வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"இவ்வளவு இருக்கக் கூடாதே," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. அறையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவள் இல்லை. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே புரொபசரிடம் ஆய்வு செய்துகொண்டிருந்தோம். அவள் எனக்குச் சில வருடங்கள் முன்னால் சேர்ந்தவள். நான் ஒரத்தநாட்டுப் பக்கம் நெல் விளைவிக்கும் குடும்பம். அவள் தஞ்சாவூரிலேயே பிறந்து வளர்ந்த லுத்தரன் கிறிஸ்தவப் பெண். திருமணமாகி, மாமியாரோடு இருந்தாள். கணவர் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் இஞ்சினியர். வருடத்தில் ஒரு மாதம் வந்து போவார். எங்கள் ஊர்களில் இளைஞர்கள் பாஸ்போர்ட் எடுப்பது அப்போது காதுகுத்து மாதிரி ஒரு சடங்காகியிருந்தது. தெருவுக்குத் தெரு ஐ.எஸ்.டி. பூத்துகள் முளைத்துக்கொண்டிருந்தன. அப்படிப்பட்ட காலத்தில், ஊரை விட்டுப் போகாமல் ஈஸ்ட் என்ற நுண்ணுயிரை வளர்த்துக்கொண்டிருந்த எங்கள் இருவரையும் எல்லோரும் கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தார்கள்.

அக்கா பார்த்துக்கொண்டிருந்த விஷயம் வெளியே சொல்வதற்கு எளிது, உள்ளே போனால் தலை சுற்றும். ஒரு செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் ஒரு நகல் எடுக்க வேண்டும். ஒரே ஒரு நகல். அதற்குக் குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். இழை நெடுகிலும் பல இடங்களில் நகலெடுப்பு தொடங்கும். அந்த இடங்களில் சில புரதங்கள் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அவை உட்கார்ந்தால்தான் அந்த இடம் தயார் என்று அர்த்தம். அதன் பிறகு சைக்ளின் என்ற புரதம் செல்லுக்குள் சிறுகச் சிறுகக் கூடும். ஒரு கூட்டாளி நொதியோடு கைகோத்துக்கொண்டு, போதிய அளவு சேர்ந்ததும் 'ஆரம்பி' என்று உத்தரவிடும். அந்த உத்தரவு வந்த கணத்திலிருந்து, புதிதாக எந்தப் புரதமும் அந்த இடங்களில் போய் உட்கார முடியாது. செல் பிரிந்து முடிந்து, சைக்ளின் அழிந்த பிறகுதான் மறுபடி உட்கார விடும்.

அக்கா இதைக் கரும்பலகையில் வட்டம் போட்டு விளக்கியபோது எனக்கு எங்கள் ஊர் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலைத் தூர்வாருவார்கள், மதகைச் சரிசெய்வார்கள். தண்ணீர் வந்துவிட்டால் எவனும் உள்ளே இறங்கி மண்வெட்டி போட முடியாது. இதைச் சொன்னேன். அக்கா யோசித்தாள்.

"பாதி சரிடி. ஆனா உங்க ஊர்ல தண்ணியத் தொறந்து விடுறவன் ஒருத்தன், வாய்க்கால்ல எறங்காதேன்னு கத்துறவன் வேற ஒருத்தன். இங்க ரெண்டும் ஒரே ஆளு. போன்னு சொல்ற அதே வாய்தான் போகாதேன்னும் சொல்லுது. அது எப்படின்னுதான் எனக்கு விளங்கல."

எனக்கும் விளங்கவில்லை. இன்றைக்கு அந்தப் பாடத்தைப் படங்களோடு சொல்லித்தர என்னால் முடியும். ஆனால் விளங்கிவிட்டதா என்று யாராவது கேட்டால், அன்றைய தயக்கம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

அவளிடம் ஒரு வகை ஈஸ்ட் இருந்தது. அதில் மறுபடி உட்காரவிடாமல் தடுக்கும் ஏற்பாடுகளில் ஒன்று பழுதானது. குறைந்த சூட்டில் ஒழுங்காக இருக்கும். வெதுவெதுப்பைக் கொஞ்சம் கூட்டினால் பழுது வெளியே வரும். வாட்டர் பாத் என்ற வெந்நீர்த் தொட்டியில் அப்படிச் சூடேற்றிய ஈஸ்ட்டைத்தான் அந்தக் கடைசிக் குழாயில் உடைத்திருந்தாள். ஒரு நகல் எடுத்த செல்லில் இருமடங்கு டி.என்.ஏ. இருந்திருக்க வேண்டும். அதற்கும் மேலே இருந்தது. அப்படியானால் செல் பிரியாமலேயே ஒன்றுக்கு மேல் நகல் எடுத்திருக்கிறது. ஒரு முறைதான் தொடங்க வேண்டிய ஒன்று இன்னொரு முறை தொடங்கியிருக்கிறது.

புரொபசர் வந்தார். குழாயைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நேத்து கரண்ட் போச்சா?"

"போச்சு சார்."

"அப்புறம் என்னம்மா. வாட்டர் பாத் சூடு எங்க ஏறுச்சு, எங்க எறங்குச்சுன்னு யாருக்குத் தெரியும்? திரும்பச் செய். ஒரே மாதிரி வந்துக்கிட்டே இருந்தா அப்ப பேசலாம்."

அவர் சொன்னது நியாயம்தான். அக்கா திரும்பச் செய்தாள். ஒரு வாரம் வந்தது. அடுத்த வாரம் வரவில்லை. வந்த நாளில் மின்சாரம் இருந்தது, வராத நாளிலும் இருந்தது. வேறு ஏதாவது கிருமி கலந்துவிட்டதோ என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். அப்போதும் ஒருநாள் வந்தது, ஒருநாள் வரவில்லை. ஒரத்தநாட்டுக் கால்நடைக் கல்லூரியில் ஜெனரேட்டர் உண்டு என்று கேள்விப்பட்டு, தெரிந்தவர் மூலம் அனுமதி வாங்கி, ஈஸ்ட் வளர்ந்த ஃபிளாஸ்க்குகளை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு நாங்கள் இருவரும் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் ஐஸா மீனா என்று கேட்டார். அக்கா சிரிக்காமல் "குழந்தைங்க" என்றாள். அங்கே போய்ச் செய்தும் அதே குழப்பம். பதில் என்று ஒன்று இருந்தால் அது எங்களைப் பார்த்ததும் ஒளிந்துகொண்டது.

அந்த நடுவில்தான் அவள் கணவர் விடுமுறையில் வந்து போயிருந்தார். அவர் மஸ்கட் திரும்பிச் சில வாரம் கழித்து, ஒரு காலையில், அக்கா ரசாயன அலமாரியைத் திறக்காமல் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"இனிமே ஜெல் சாயமெல்லாம் நீ பண்ணுறியா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. டி.என்.ஏ.வைக் கண்ணுக்குத் தெரிய வைக்கும் அந்தச் சாயம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே புகுந்து ஒட்டக்கூடியது. அதைத் தொடும்போது கையுறை போட வேண்டும். எங்களிடம் கையுறைகள் குறைவு. கழுவிக் காயவைத்துத் திரும்பப் போடுவோம். பவுடர் அப்பிய அந்தக் கையுறைகள் வாஷ்பேசின் மேல் கொடியில் வௌவால் மாதிரித் தொங்கும். செய்தி தெரிந்த நாளிலிருந்து அக்கா அந்த மூலைக்கே போகவில்லை. தெரிவதற்கு முன்னால் போன சில வாரங்களை மட்டும் திரும்ப எடுக்க வழியில்லை.

மாமியார் மகிழ்ச்சியில் ஆய்வகத்துக்கே ஒருநாள் வந்துவிட்டார். சிறிய உருவம், வெள்ளைப் புடவை, கையில் டிபன் பாக்ஸ். எனக்கும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயா நாள் பூராவும் ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டார். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் மாதம் அக்காவுக்கு வாந்தி அளவுக்கு மீறி இருந்தது. கொஞ்சம் இரத்தமும் பட்டது. ஸ்கேனுக்கு அவளோடு மாமியாரும் நானும் போனோம். அப்போதுதான் ஸ்கேன் மையங்கள் ஊருக்குள் வர ஆரம்பித்திருந்தன. அங்கிருந்த டாக்டரம்மா திரையை எங்கள் பக்கம் கொஞ்சம் திருப்பினார். குழந்தை என்று எதுவும் இல்லை. நிகழ்ச்சி முடிந்த பிறகு டி.வி.யில் தெரியுமே, அந்த மாதிரி வெறும் வெள்ளைப் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. டாக்டரம்மா கருவியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "முத்துப்பிள்ளை," என்றார்.

மாமியாரின் முகம் மலர்ந்தது. "முத்தா? முத்து மாதிரிப் பிள்ளையா டாக்டர்?"

நானும் அந்தச் சொல்லை அன்றுதான் கேட்கிறேன். கேட்பதற்கு அழகாக இருந்ததால் நானும் அரை நொடி நல்லது என்றே நினைத்தேன். அக்கா மட்டும் படுத்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

"பிள்ளை இல்லம்மா," என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "பேருதான் அப்படி. கரு உருவாகல. நஞ்சுக்கொடியா ஆக வேண்டியது மட்டும் முத்து முத்தா, திராட்சைக் கொத்து மாதிரி வளந்திருக்கு. எடுத்துடணும். விட்டா ஆபத்து."

மாமியார் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். திரையில் இன்னும் புள்ளிகள் இரைந்துகொண்டிருந்தன. "வளருதுன்னு சொல்றாங்க, பிள்ளை இல்லன்னும் சொல்றாங்க," என்றார் என்னிடம். "நீ படிச்ச பொண்ணு. என்னம்மா சொல்றாங்க இவங்க?"

எடுத்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அக்கா சில நாளிலேயே நூலகத்துக்குப் போய்விட்டாள். படுத்திருக்கச் சொல்லி மாமியார் கெஞ்சியும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் ஆய்வகத்துக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, தான் படித்ததைச் சொன்னாள். குரல் செமினாரில் பேசுவது போலவே இருந்தது. சில முட்டைகளில், ஏனென்று தெரியாத காரணத்தால், தாயின் டி.என்.ஏ. தொலைந்துபோகிறது. அந்த வெற்று முட்டைக்குள் தந்தையின் ஒற்றைப் பங்கு மட்டும் நுழைகிறது. நுழைந்தது தன்னைத்தானே நகல் எடுத்துக்கொள்கிறது, ஆனால் பிரியாமல் அப்படியே ஒன்றாக இருந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக இருக்கும். இரண்டு பங்கும் இருக்கும். ஆனால் இரண்டும் ஒருவருடையதே.

"பிரியாம நகல் எடுத்திருக்கு," என்றாள். "நாம வாட்டர் பாத்துல தேடிக்கிட்டு இருந்தோமே."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவை இரண்டும் ஒன்று இல்லை என்று அவளுக்கே தெரியும். ஈஸ்ட்டில் நாங்கள் பார்த்தது ஒரு தடை உடைந்ததன் விளைவு, இது வேறு வழியில் நேர்வது. ஆனால் அந்த அறையில், அந்த நேரத்தில், வித்தியாசத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அதுல என்னோடது ஒண்ணுமே இல்லையாம்டி. நான் அதுல இல்லவே இல்ல. அப்ப எதுக்கு அழறேன்னு எனக்கே புரியல."

அப்போதுதான் அவள் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்தேன்.

எடுத்துவிட்டால் முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். முடியவில்லை. இரத்தத்தில் கர்ப்ப ஹார்மோன் வாராவாரம் குறைய வேண்டும். குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நின்றது. பிறகு ஏறியது. உள்ளே எங்கோ ஒட்டியிருந்தது மறுபடி பெருகத் தொடங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. புற்று என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, ஆனால் அந்தச் சொல்லைத் தாண்டிச் செல்ல அவர் தேர்ந்தெடுத்த சொற்கள் எல்லாம் அதைச் சுற்றியே வந்தன. ஊசி போட வேண்டும். பெரும்பாலும் குணமாகிவிடும். எப்போது என்று சொல்ல முடியாது.

அந்த ஊசி என்ன செய்யும் என்று டாக்டரம்மாவைவிட விளக்கமாகச் சொல்லக்கூடிய நோயாளி அந்த வார்டில் அக்கா ஒருத்திதான். டி.என்.ஏ.வைக் கட்டுவதற்கான செங்கல்கள் செல்லுக்குக் கிடைக்காமல் செய்யும் மருந்து அது. செங்கல் இல்லாததால் நகலெடுப்பு ஓடாது. அவசரமாகப் பெருகும் செல்கள்தான் முதலில் மாட்டும். ஆனால் மருந்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. அக்காவின் வாய் முழுக்கப் புண்ணானது. மோர்கூட எரிந்தது. முடி கொஞ்சம் கொட்டியது. ஒருநாள் நான் இளநீர் வாங்கிப் போனபோது, உதட்டை அசைக்காமல் பேசினாள்.

"ஃபிளாஸ்க்குக்கு நாம செஞ்சதையெல்லாம் இப்ப எனக்குச் செய்யறாங்க. நிறுத்துறது, ஓடவிடறது. அதுங்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா?"

நான் சிரிக்க வேண்டுமா என்று தெரியாமல் இளநீரில் ஸ்ட்ராவைச் செருகினேன்.

மாமியார் ஒவ்வொரு நாளும் வார்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வருவார். அக்கா தூங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீயும் அங்கதானே வேலை பாக்குற. ஒளிக்காம சொல்லும்மா. அங்க என்ன வச்சிருக்கீங்க?"

நான் சொன்னேன். அமிலம், சாயம், பீனால், எல்லாவற்றையும் சொன்னேன். கையுறையைக் கழுவிப் போடுவதையும் சொன்னேன். அதனால் இது வந்திருக்குமா என்று கேட்டார். டாக்டரம்மா சம்பந்தம் இல்லை என்றார், புத்தகத்திலும் அப்படி இல்லை என்றேன்.

"இல்லன்னு இருக்கா? இல்ல, தெரியலன்னு இருக்கா?"

"தெரியலம்மா," என்றேன். எந்தக் கேள்விக்குப் பதில் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. எனக்கும் அந்த வருடம் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குப் போனால் சோறு பிசைவதற்கு முன் கையை முகர்ந்து பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

"அந்த ரூமுதான்," என்றார் மாமியார், முடிவாக. "ஜன்னலக்கூடத் தொறக்க மாட்டாங்க."

குடும்பத்தில் எல்லோரும் அப்படியே பேச ஆரம்பித்தார்கள். ஜெபக் கூட்டத்துக்கு வந்தவர்கள்கூட ஆய்வகம் என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில் சொன்னார்கள். அக்கா ஒரு வார்த்தை மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரும் குழப்பம். நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரியும். அதில் இருந்த டி.என்.ஏ. யாருடையது என்றும் தெரியும். வாயைத் திறந்தால் போதும்.

ஊசிகள் வேலை செய்தன. ஹார்மோன் இறங்கியது, இறங்கியபடியே இருந்தது. இன்னும் நெடுநாளைக்குக் கண்காணிக்க வேண்டும், அதுவரை கர்ப்பம் தரிக்கக் கூடாது, ஆனால் உயிருக்குப் பயமில்லை என்றார்கள். அதைக் கணவருக்குச் சொல்ல அவள் ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போன சாயங்காலம் நானும் கூடப் போனேன். கண்ணாடி அறைக்குள் அவள் நின்றாள். வெளியே பெஞ்சில் நான். மேலே சிவப்பு எழுத்தில் ரூபாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் முதலில் சிரித்துப் பேசினாள். பிறகு ஏதோ நீளமாகச் சொல்லத் தொடங்கினாள், ஒரு கையால் காற்றில் வட்டம் போட்டாள், கரும்பலகையில் போடுவாளே, அதே வட்டம். நடுவில் நிறுத்தினாள். வட்டம் போட்ட கையை மெல்லக் கீழே இறக்கினாள். அதற்குப் பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

வெளியே வந்ததும், "அந்த டி.என்.ஏ. யாரோடதுன்னு சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல. அங்க தனியா கெடக்குறாரு. இதைக் கேட்டுட்டு, நான்தானான்னு யோசிச்சுக்கிட்டே கெடப்பாரு. அத்தைக்குத் தெரிஞ்சா அவங்களும் மகனை நெனச்சு உருகுவாங்க. யார் மேலயும் தப்பு இல்லாத ஒண்ணை யார் கையில குடுத்தாலும் அவங்க அதைத் தப்பாத்தான் புடிச்சுப்பாங்க."

"அதுக்கு?"

"ரூமுமேல போடட்டும். ரூமுக்கு வலிக்காது."

உங்களுக்கு வலிக்காதா என்று கேட்க நினைத்தேன். ஆட்டோ வந்துவிட்டது.

அவள் ஆய்வைத் தொடரவில்லை. கண்காணிப்புக் காலம் முடிந்ததும் மஸ்கட் போய்விட்டாள். புரொபசர் தடுத்துப் பார்த்தார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு விடலாமா என்றார். அவள் அவருடைய மேசையைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் விரும்பவில்லை சார் என்றாள். அவளுடைய ஈஸ்ட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். அவள் செய்த அதே முறையில், அதே சூட்டில், அதே மருந்துகளோடு நான் ஒரு வருடத்துக்கும் மேலாகச் செய்து பார்த்தேன். குழாய்கள் எப்போதும் ஒரே நீலமாகவே நின்றன. இருமடங்கு. அதற்கு மேல் ஒரு துளியும் ஏறவில்லை. அவள் கையில் மட்டும் ஏன் வந்தது? வந்ததுதானா? புரொபசரிடம் கேட்டபோது, "அந்தப் பொண்ணு பொய் சொல்ற பொண்ணு இல்லை," என்று மட்டும் சொன்னார். அதுவும் ஒரு பதில்தான். எதற்கான பதில் என்பதுதான் தெரியவில்லை.

பிறகு நானும் போனேன். ஜெர்மனியில் ஒரு ஆய்வகம். மின்சாரம் போகவே போகாத, கையுறையை ஒருமுறை போட்டுத் தூக்கியெறியும் ஊர். அங்கே ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தபோது, எங்கள் விஷயத்தையே ஒருவர் படம் போட்டுக் காட்டினார். மறுபடி தொடங்காமல் இருக்க செல் ஒரே ஒரு தடையை நம்பி இருப்பதில்லையாம். ஒவ்வொரு புரதத்துக்கும் தனித்தனித் தடை. ஒன்றைச் சிதைக்கும், ஒன்றை வெளியேற்றும், ஒன்றை வேலை செய்யவிடாமல் கட்டிப்போடும். நாங்கள் வளர்த்த வகை ஈஸ்ட்டில், பல தடைகளைச் சேர்த்து உடைத்தால்தான் இரண்டாம் முறை தொடங்கும். ஒன்றை மட்டும் உடைத்தால் மற்றவை தாங்கிக்கொள்ளும். அரங்கில் எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவின் ஈஸ்ட்டில் உடைந்திருந்தது ஒன்றே ஒன்று. அப்படியென்றால் அவள் பார்த்தது நடந்திருக்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பிடித்திருந்த குழாயை நானும்தானே பார்த்தேன்? வெளியே வந்து பனியில் நின்றுகொண்டு, யாரிடம் இதைக் கேட்பது என்று யோசித்தேன். அவளுடைய மஸ்கட் எண் அதற்குள் மாறியிருந்தது.

பல வருடம் கழித்து விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, தஞ்சாவூரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் அக்கா வேலை செய்கிறாள் என்று தெரிந்தது. குடும்பமே மஸ்கட்டிலிருந்து திரும்பிவிட்டதாம். ஒரு மகள், கல்லூரியில் படிக்கிறாள். போய்ப் பார்த்தேன். நரைத்திருந்தாள். பச்சைச் சீருடை, தலையில் துணித்தொப்பி. கட்டிப்பிடிக்கப் போனவள், "இரு, கை கழுவிட்டு வந்துட்டேன்," என்று இரண்டு கைகளையும் டாக்டர் மாதிரித் தூக்கிப் பிடித்தபடி சிரித்தாள்.

மாமியார் இருக்கிறாரா என்று கேட்டேன். படுக்கையில் இருக்கிறார் என்றாள். நினைவு தப்பித் தப்பி வருகிறதாம். ஆனால் தினமும் காலையில் இவள் கிளம்பும்போது மட்டும் தெளிவாக, "ஜன்னலத் தொறந்து வச்சுக்கிட்டு வேலை பாரு," என்பாராம். கரு வளர்க்கும் அறையில் ஜன்னலே கிடையாது. சரி அத்தை என்று சொல்லிவிட்டு வருவதாகச் சொன்னாள்.

ஈஸ்ட்டைப் பற்றிச் சொன்னேன். ஒரு வருடம் செய்தும் எனக்கு வரவே இல்லை என்பதையும், ஜெர்மனியில் கேட்டதையும் சொன்னேன். கோபமோ வருத்தமோ வரும் என்று நினைத்தேன். அவள் ஆர்வமாகக் கேட்டாள். எத்தனை தடை, எதை எது கட்டிப்போடுகிறது என்றெல்லாம் விசாரித்தாள். கடைசியில், "அப்ப நாம பாத்தது என்னது?" என்றாள்.

"உங்களைக் கேக்கத்தான் வந்தேன்."

"நான் உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்."

இருவரும் சிரித்தோம். பிறகு எனக்கும் தொப்பியும் காலுறையும் கொடுத்து உள்ளே அழைத்துப் போனாள். முந்தின நாள் விந்தோடு சேர்த்து வைத்த முட்டைகளை மறுநாள் காலை பார்ப்பதுதான் அவளுடைய முக்கியமான வேலை. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒரு வட்டம். அதற்குள் அருகருகே இரண்டு சின்ன வட்டங்கள். ஒன்று தாயுடையது, ஒன்று தந்தையுடையது. இன்னும் கலக்காமல், ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் கிடந்தன. ஒன்று மட்டும் இருந்தாலோ மூன்று இருந்தாலோ அந்த முட்டையை ஒதுக்கிவிடுவோம் என்றாள்.

"ரெண்டும் தனித்தனியா நகல் எடுக்க ஆரம்பிச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"ஆரம்பிச்சிருக்கும். முடிஞ்சிருந்தாலும் முடிஞ்சிருக்கும். வெளியில இருந்து பாத்தா தெரியாது."

அறையில் இயந்திரங்களின் மெல்லிய இரைச்சல் மட்டும் இருந்தது. இத்தனை வருடம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன். "உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்புறம் சொன்னீங்களா?"

முட்டைகள் இருந்த, சின்னஞ்சிறு தட்டுகள் போன்ற கண்ணாடி வட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டே பேசினாள். சொன்னாளாம். மகள் பிறந்து, பள்ளிக்கூடம் சேர்த்த பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாளாம். முட்டை வெறுமையாக இருந்தது, உங்களுடையது மட்டும் உள்ளே போய்த் தன்னையே இரண்டாக்கிக்கொண்டது, என்னுடையது அதில் இல்லை என்று. அவர் நான்தானா காரணம் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதில்களையெல்லாம் தயார் செய்து வைத்திருந்தாளாம்.

"அவரு அதைக் கேக்கவே இல்லடி. சோறு பெசையறதை நிறுத்துனாரு. அப்புறம், 'நான் மட்டும் தனியா வந்திருக்கேன். அப்ப நீ எங்க போயிருந்த?'ன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றது? முட்டையில இருந்து அது எப்படித் தொலைஞ்சுதுன்னு இன்னிக்கும் யாருக்கும் சரியாத் தெரியாது. தெரியலங்கன்னேன். அவரு எழுந்து கை கழுவிட்டு வந்து, என் தட்டை எடுத்து இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்துனாரு."

நர்ஸ் கதவைத் தட்டினாள். வெளியே அந்த முட்டைக்கு உரிய தம்பதியர் காத்திருந்தார்கள். வயல்காட்டு ஆட்கள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கணவர் கையில் பாஸ்போர்ட் அளவில் ஒரு தோல்பை. சிங்கப்பூரிலிருந்து வந்தவர், லீவு முடியப் போகிறது என்று நர்ஸ் என் காதில் சொன்னாள். அந்தப் பெண் எழுந்து நின்றாள். எப்படி இருக்கிறது என்று கேட்க நினைத்து, டாக்டர் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"இன்னிக்கு நல்லா இருக்கு," என்றாள் அக்கா. "பிரியுதான்னு நாளைக்குப் பாக்கணும். நாளைக்குக் காலையில ரெண்டு பேருமே வாங்க."

அந்தப் பெண் தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கணவர்தான் தயங்கித் தயங்கி, "நான் எதுக்குங்க? அவ வந்தாப் போதாதா?" என்று கேட்டார்.

அக்கா ஒரு நொடி அவரையே பார்த்தாள்.

"நீங்களும் வாங்க," என்றாள்.